பொய் கேட்டுப் பழுத்த செடி

மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் தொற்றிக்கொண்டு நிற்கும் முப்பத்தாறு வீட்டுக் காலனியில், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பஷீர் பாய் பேக்கரியில் இரண்டாவது தட்டு வர்க்கி பொன்னிறத்துக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், பதினைந்து வயது பியூலா தன் அம்மாவிடம் போனில் ஒரு பொய் சொன்னாள்; சொன்ன வாயை மூடுவதற்குள் அந்தப் பொய் குண்டுமணி அளவில் ஒரு சிவப்புப் பழமாகி, வாசல் செடியின் கிளையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படி ஒன்றும் பெரிய பொய் இல்லை. “அம்மா, உன் செடி பழுத்திருச்சு” என்றாள். ஆரம்பிக்கும்போது பொய்யாக இருந்தது, முடிக்கும்போது நிஜமாகிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பியூலா பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அடி போடி, உங்கப்பா கவாத்து வெட்டுற வரைக்கும் அதாவது பழுக்கிறதாவது” என்று, ஒரு நொடி நம்பிவிட்டு, திருப்பூரிலிருந்து சிரித்தாள் அம்மா எஸ்தர்.

எஸ்தர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் குன்னூர்ப் பக்கத்து நர்சரியிலிருந்து அந்தச் செடியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தவள் அவள்தான். வழியெல்லாம் அதன் முள் கண்டக்டரை மூன்று முறை குத்த, அவர் மூன்றாவது முறை அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். நர்சரிக்காரர் சொன்னதைப் பியூலா இன்றைக்கும் அவர் மூக்கடைத்த குரலிலேயே ஒப்பிப்பாள்: “உறைபனி விழுந்தாலும் சாகாதும்மா, தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது, ஆடு கடிச்சா ஆடுதான் அழும், வெள்ளையா பூத்து, குளிர்காலத்துல இலை தெரியாம செக்கச்செவேல்னு நிக்கும், பாத்துக்கிட்டே இருக்கலாம்!” அதற்கு ஏதோ நீளமான சீமைப் பெயரும் சொன்னார். அது ஐந்தாவது வளைவிலேயே மறந்துபோனதால் காலனியில் அதற்கு எஸ்தர் செடி என்று பேர்.

ஆனால் எஸ்தரின் கணவர் தேவபிச்சை இருபத்தெட்டு வருஷமாகத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து மேஸ்திரி. செடி என்று ஒன்று இருந்தால் அதன் தலை இடுப்பு உயரத்தில் மேசை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும், வேறெதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. ஒவ்வொரு பங்குனியிலும் எஸ்தர் செடி மொட்டு வைக்கப் போகிற வாரம் பார்த்து, கவாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துவந்து, ஒரே சீராக வெட்டித் தள்ளிவிடுவார். “ஏங்க, இது தேயிலை இல்லீங்க, பழைய கொப்புலதான் பூக்குமாம், சும்மா விடுங்களேன்” என்பாள் எஸ்தர். “ம்” என்பார். வெட்டுவார்.

தேயிலை ஃபாக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடும் என்று ஆனபோது எஸ்தர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். பஸ் ஏறும்போது, “ரெண்டே மாசம். இந்தச் செடி பழுக்கிறப்போ வந்து நிப்பேன் பாரு” என்றாள். தேவபிச்சை அதற்கும் “ம்” என்றார். ரெண்டு மாசம் ரெண்டு வருஷம் ஆயிற்று. அவள் வரும்போது செடி லட்சணமாக இருக்க வேண்டுமே என்று, அவர் முன்னைவிடச் சிரத்தையாக, குருத்து ஒன்றுகூட நீட்டிக்கொண்டிருக்காமல், வாஞ்சையோடு வெட்டிக்கொண்டிருந்தார். பூ ஏது, பழம் ஏது.

இதெல்லாம் நடந்தது இப்படி என்றால், பியூலா எப்படி என்றும் சொல்ல வேண்டும். அவள் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. கண்டக்டர் குரலில் “ஏழாம் வளைவு எறங்கு எறங்கு” என்று பின்சீட்டிலிருந்து கத்தி ஆறாம் வளைவிலேயே அரை பஸ்ஸை இறக்கிவிட்டிருக்கிறாள். காலனிச் சங்கச் செக்ரெட்டரி நஞ்சுண்டனின் குரலில் மைக்கில், “அன்பார்ந்த காலனிவாசிகளே, நாளைக் காலை ஆறு மணிக்கு அனைவரும் தங்கள் கோழிகளுடன் சங்க வாசலில் கூடுமாறு” என்று அறிவித்ததில், பத்தொன்பது கோழிகளோடு வரிசை நின்றவர்களில் நஞ்சுண்டனும் ஒருவர். நாம்தான் சொல்லியிருப்போம், மறந்திருப்போம் என்று நினைத்துவிட்டார் பாவம். பாஸ்டர் குரல், குக்கர் விசில், சளி பிடித்த ஜீப், எல்லாம் அவளுக்கு வரும். வராத குரல் ஒன்றே ஒன்று, அப்பாவுடையது. “ம்” என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் குரலைத்தான் செய்துவிட முடியும்?

முதல் பழம் வந்த மறுநாள், எஸ்தர் செடியின் வேலியோரம் நின்று பஷீர் பாய், “இன்னைக்குக் காலையில சுட்டதுங்க, தொட்டுப் பாருங்க சூடு” என்று எதிர்வீட்டுக் கமலவேணி அக்காவிடம் முந்தாநாள் வர்க்கியைக் கொடுத்தார். ‘டப்’ என்று ஒரு பழம். கமலவேணி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். “அடடா, நானே உங்களைப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன் பாய், பாலிசிக்காக இல்லீங்க, சும்மா நலம் விசாரிக்க” என்றாள். ‘டப்.’ இருவரும் செடியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பாய் வர்க்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அக்கா பாலிசிப் புத்தகத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள், இரண்டு பேரும் பேசாமல் போனார்கள்.

காலனி அதிசயப்படவில்லை. குளிருக்கு எல்லாம் பழுக்கும், இது பொய்க்குப் பழுக்கிறது, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டது. அந்த வாரமே காலனியின் நடமாட்டம் மாறியது: வேலைக்கு மட்டம் போடுகிறவர்கள் லீவு சொல்லும் போனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பேசினார்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வழியாக வரச் சம்மதிக்காமல் தேயிலைக்குள் இறங்கி ஏறி வந்தார்கள், வீடு வீடாகச் சந்திக்க வந்த பாஸ்டர், “நான் தினமும் நாலு மணிக்கு எழுந்து” என்று தொடங்கி, செடியைப் பார்த்து, “எழ முயற்சி செய்கிறேன்” என்று முடித்துக்கொண்டார். சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகள் மட்டும் நேராகச் செடியடிக்கே வந்து நின்று, “இப்ப சொல்லு, இப்ப சொல்லு பாக்கலாம்” என்று ஒருவரை ஒருவர் மிரட்டிவிட்டு, இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சமாதானமாகிப் போனார்கள். ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் புதிராக இருந்தது. மலையில் வேறெந்தப் பழத்தையும் விட்டுவைக்காத கொண்டைக்குருவிகள் இந்தப் பழத்தை மட்டும் தொடவில்லை. வந்து உட்காரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், பறந்துவிடும்.

நஞ்சுண்டனுக்குத்தான் யோசனை வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு, மலைக் காலனிகளுக்கிடையே வீட்டுத் தோட்டப் போட்டி. ஒன்பது வருஷமாகக் கேடயத்தை நான்காம் வளைவுக்காரர்கள் கொண்டுபோய்விடுகிறார்கள். அவர்கள் ரோஜா அப்படி.

“அன்பார்ந்த காலனிவாசிகளே” என்றார் நஞ்சுண்டன், சங்கக் கூட்டத்தில். “நம்மகிட்ட ரோஜா இல்ல. ஆனா நம்மகிட்ட இருக்கிற ஒண்ணு நாலாம் வளைவுல இல்ல.”

“அங்கயும் பொய் சொல்லுவாங்க செக்ரெட்டரி” என்றார் பஷீர் பாய்.

“சொல்லுவாங்க. செடி இல்லையே!”

குழாய்த் தண்ணீருக்கு வீட்டுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்திருக்கிற காலனி அது. அதே சிலேட்டில், அதே வரிசையில், பொய்க்கும் முறை எழுதினார்கள். ஒன்றாம் நம்பர் வீடு காலை ஆறு முதல் ஆறேகால். இரண்டாம் நம்பர் ஆறேகால் முதல் ஆறரை. முறை தவறினால் மறுநாள் கிடையாது. ஆனால் முதல் நாளே சிக்கல் வந்தது. ஒன்றாம் நம்பர் வீட்டுக்காரர் செடி முன்னால் நின்று, “நான் கலெக்டர்” என்றார். ஒன்றும் இல்லை. “நான் ஜனாதிபதி” என்றார். இலைகூட அசையவில்லை. பியூலாவைக் கூப்பிட்டார்கள். அவள் நாற்பது குரலில் நாற்பது பேராக நின்று பேசினாள், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, பழம் மட்டும் வரவில்லை.

“புரிஞ்சுபோச்சு” என்றாள் கமலவேணி, தொழில் தெரிந்தவள். “பொய் மட்டும் போதாது. ஏமாற ஒரு ஆள் வேணும்.”

முப்பத்தாறு வீட்டுத் தலைகளும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பின. அங்கே சுவரோரம் தேவபிச்சை கவாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பொய் சொன்னதை யாரும் கேட்டதில்லை. அவரிடம் சொன்ன எதையும் அவர் நம்பாமல் இருந்ததும் இல்லை. கூட்டத்தில் பேசியதில் பாதி அவர் காதில் ஏறவில்லை, ஏறிய மீதியையும் யாரோ யாரையோ சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

அதன்பின் மூன்று வாரம் தேவபிச்சை வாழ்ந்த வாழ்க்கை மகாராஜா வாழ்க்கை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை, கால் மணிக்கு ஒருவராக, முறை தவறாமல், ஆட்கள் வந்து அவரைச் செடியடிக்கு அழைத்துப்போய்ப் பேசினார்கள். “தேவபிச்சைண்ணே, உங்க கவாத்தைப் பாத்துட்டு ஊட்டியில ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாராம்.” ‘டப்.’ “உங்க சட்டைக் கலருக்கு நீங்க சினிமாவுல இருக்க வேண்டியவரு.” ‘டப்.’ “எங்க வீட்டு ரசம் உங்க கைப்பக்குவம் கேட்டுத்தான் வெச்சேன்.” ‘டப், டப்’, ஏனென்றால் அது ரசமும் இல்லை. மனுஷர் ஒவ்வொன்றுக்கும் கூச்சத்தோடு “ம்” என்றார், தோள் நிமிர்ந்தது, தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தார், மேசை போலிருந்த செடியின் தலைமேல் சிவப்பு விரிப்பு விரித்ததுபோல் பழம் நிறைந்தது. பியூலாவுக்கு முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. இரண்டாவது வாரம் அப்பா கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்குவதைப் பார்த்தபோது ஏதோ போல இருந்தது.

மூன்றாவது வாரம் அம்மா போனில் வேறொன்று சொன்னாள். கம்பெனி வடக்கே புதிதாக ஒரு கிளை திறக்கிறது, இவளைச் சூப்பர்வைசராகக் கேட்கிறார்கள், போனால் மூன்று வருஷம் நடுவில் வர முடியாது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“நீ என்னம்மா சொல்லப்போற?”

“நல்ல வேலைடி. எனக்கும் பிடிச்சுத்தான் இருக்கு. அப்பா என்ன சொல்றாரு?”

பியூலா திரும்பிப் பார்த்தாள். அப்பா உதட்டைத் திறந்தார், மூடினார். “ம்” என்றார்.

“ம் சொல்றாரும்மா.”

“அப்ப சரி” என்றாள் எஸ்தர். குரல் சரியாக இல்லை. ஆனால் போன் பியூலாவின் காதோடு ஒட்டியிருந்ததால் அம்மா சொன்னது எதுவும் செடிக்குக் கேட்கவில்லை.

போட்டி ஞாயிறு வந்தது. காலனி முழுக்கக் கோலம், தோரணம், கோழிகளைக்கூடக் குளிப்பாட்டியிருந்தார்கள். தோட்டக்கலையில் பெரிய ஆள் என்று பேர் எடுத்த நடுவர் ஒருவர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, மூன்றாம் வளைவு, நாலாம் வளைவு பார்த்துவிட்டு வந்து இறங்கினார். எஸ்தர் செடி முன்னால் நின்றவர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பிறகு தொண்டையைச் செருமி, “நான் முற்றிலும் பாரபட்சமில்லாமல்தான் தீர்ப்புச் சொல்வேன்” என்றார். ‘டப்’ என்று அவர் மூக்குக்கு நேரே ஒன்று. நாலாம் வளைவுக்காரர்கள் அவருக்கு மச்சான் முறை என்று காலனிக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் செடியடி. பியூலா கையில் நடுவருக்கான டீத் தட்டு. தேவபிச்சை பதறிப்போய்ப் போனை எடுத்து, எதையோ அமுக்கப்போய் எதையோ அமுக்க, எஸ்தரின் குரல் ஸ்பீக்கரில் முப்பத்தாறு வீட்டுக்கும் கேட்கிறமாதிரி வந்தது.

“ஏங்க, நான்தான். நாளைக்குப் பதில் சொல்லணும்ல, அதான். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, நான் இங்க நல்லா இருக்கேன்.”

‘டப்.’

“ஹாஸ்டல்ல சாப்பாடெல்லாம் நம்ம வீட்டு மாதிரியேதான்.”

‘டப்.’

“நல்லாத் தூங்குறேன். முதுகுவலியெல்லாம் எப்பவோ போச்சு. கூட இருக்கிற பிள்ளைங்க என்னைய அக்கா அக்கான்னு விடுறதே இல்ல, பொழுது போறதே தெரியல. ஊரு ஞாபகமே வர்றதில்லைன்னா பாத்துக்கங்களேன்.”

டப், டப், டப், டப். இடம் இல்லாமல் பழத்தின் மேல் பழம் ஏறியது. இருபத்தெட்டு வருஷக் கை தட்டையாக்கி வைத்திருந்த மேசை நடுவில் குழிந்து, கிளைகள் தரையைத் தொட்டன. நடுவர் எண்ணிக்கொண்டிருந்த விரலை அப்படியே நிறுத்திவிட்டார். நஞ்சுண்டன், ஒன்பது வருஷக் கேடயம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்ட நஞ்சுண்டன், செடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தேவபிச்சை போனைக் கண்ணாடிச் சாமான்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாரும் எல்லாம் சொல்லி நம்பிய மனுஷருக்கு, பெண்டாட்டி சொன்னதையும் அப்படியே நம்பிக்கொண்டிருந்த மனுஷருக்கு, சங்கக் கூட்டத்தில் சொன்னது இன்றைக்குத்தான் காதில் ஏறியது.

“கேக்குதாங்க? அப்ப நான் போறேன்னு சொல்லிரட்டுமா?”

அவர் வாய் திறந்தது. “ம்” கூட வரவில்லை.

பியூலா தட்டைக் கீழே வைத்தாள். எப்படி, எங்கிருந்து என்று அவளுக்கே தெரியாது. இதுவரை அந்தத் தொண்டைக்குள் குடிவராத ஒரு குரல், கரகரத்து, தோட்டத்துப் புகையும் குளிரும் ஏறிய குரல், செடிக்குப் பின்னாலிருந்து புறப்பட்டது.

“போகாத எஸ்தரு. வந்துரு. நீ போனதுல இருந்து வீட்டுல ரெண்டு டம்ளர்தான் கழுவுறோம், மூணாவதைப் பாக்கப் பாக்க ஒரு மாதிரி இருக்கு. சூப்பர்வைசரும் வேணாம் ஒண்ணும் வேணாம். மூணு நாள் ஃபாக்டரி ஓடினா மூணு நாளைக்குச் சாப்பிடுவோம். நீ வா.”

காலனி மூச்சைப் பிடித்தது. எல்லோர் கண்ணும் செடிமேல். எந்தப் பக்கமும் ‘டப்’ இல்லை.

பிறகு, “பியூலா” என்றது எஸ்தரின் குரல், “அப்பாகிட்ட போனைக் குடு.”

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?” என்றாள் பியூலா, தன் குரலில், அசடு வழிய.

“குரல் அவருதுதான்டி. ஆனா உங்கப்பா கல்யாணத்தன்னிக்கு வாக்குச் சொன்னதுகூட இவ்வளவு நீளம் இல்ல. என்னைய பேர் சொல்லி வேற கூப்பிட்டுட்டாரு! போனைக் குடு.”

போன் ஏற்கெனவே அவர் கையில்தான் இருந்தது. அவர் அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பொய்யே சொல்லாத தேவபிச்சை, முப்பத்தாறு வீடும் ஒரு நடுவரும் பார்த்துக்கொண்டிருக்க, மகளைக் காட்டிக்கொடுக்காமல், சொன்னார்:

“இந்தாம்மா. அது நான்தான் பேசுனேன்.”

கமலவேணி கண்ணை மூடிக்கொண்டாள். பஷீர் பாய் உதட்டைக் கடித்தார். ஒரு பனித்துளி இலையிலிருந்து வழுக்கி இறங்கி விழுகிற நேரம் போயிற்று. இன்னொன்று விழுந்தது. செடி சும்மா இருந்தது.

“சரி, சரி” என்றாள் எஸ்தர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “யோசிச்சுச் சொல்றேன்.”

‘டப்!’

அவ்வளவுதான், காலனி எகிறிக் குதித்தது. விசில் அடித்தார்கள், டீத் தட்டில் தாளம் போட்டார்கள், பஷீர் பாய் நாலாம் வளைவு மச்சானையே கட்டிப்பிடித்துச் சுற்றினார். “என்னடி அங்க சத்தம்?” என்று எஸ்தர் கேட்க, “ஒண்ணும் இல்லம்மா, பக்கத்துல கோழி பறந்துச்சு” என்றாள் பியூலா, அதற்கும் ஒன்று பழுத்தது.

கேடயம் வழக்கம்போல் நாலாம் வளைவுக்கே போனது. பூக்காமல் பழுக்கிற செடியை விதிமுறைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் காணோம் என்று நடுவர் எழுதிக் கொடுத்தார். அப்பா சொன்னதற்கு ஏன் பழுக்கவில்லை என்று காலனியில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. எஸ்தர் ஏமாறவில்லை, ஏமாற ஆள் இல்லாத பொய் பழுக்காது என்பது நஞ்சுண்டன் கட்சி. அது பொய்யாக இருந்தால்தானே பழுக்கும் என்பது பஷீர் பாய் கட்சி. பியூலாவைக் கேட்டால் நஞ்சுண்டனிடம் பாய் குரலிலும் பாயிடம் நஞ்சுண்டன் குரலிலும் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

எஸ்தர் வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள், இளைத்துப்போய். முதல் காரியமாகக் கவாத்துக் கத்தியை எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில் போட்டாள். “ஏங்க, இந்தப் பங்குனிக்கு அதைத் தொட்டீங்க, தெரியும் சேதி.”

“ம்” என்றார் தேவபிச்சை. கொஞ்ச நேரம் கழித்து, “தொடலம்மா” என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலனியில் அவர் ஒரே பேச்சுக்கு இரண்டு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

பங்குனியில் அவருக்குக் கை நமநமத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். செடி மேசை குலைந்து, கண்ட பக்கம் நீட்டி, தலைவாராத பிள்ளைபோல் வளர்ந்து, வெள்ளையாகப் பூத்தது, காய் பிடித்தது, கார்த்திகையில் சிவந்தது. போன வருஷத்துப் பொய்ப்பழமும் அப்படியே இருந்தது. எது எது என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று டம்ளரோடு மூவரும் வாசலில் இருக்கும்போது ஒரு கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தது. ஒரு பழத்தைப் பார்த்து வேண்டாம் என்று விட்டது. அடுத்ததை விட்டது. மூன்றாவதைக் கொத்தி, விழுங்கி, அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, இன்னொன்று கொத்தியது.

“பாத்தியாடி, பழுத்திருச்சு” என்றாள் எஸ்தர்.

“ம்” என்றாள் பியூலா, அச்சு அசல் அப்பா குரலில்.